இரண்டாவது மாடியில் ஒரு மகள்

குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் என் அம்மாவைப் பற்றிப் புகார் வந்தபோது நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாடிப் பெண் எழுதியிருந்தாள். நாலாவது மாடி அம்மா அடிக்கடி எங்கள் வீட்டுக்குள் வந்துவிடுகிறார், வாடி போடி என்று மரியாதை இல்லாமல் பேசுகிறார், சம்பந்தப்பட்டவர்கள் கவனிக்கவும் என்று. சம்பந்தப்பட்டவள் நான்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. தமிழ் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவள் நான். எனக்கே மரியாதைப் பாடமா?

அந்தப் பெண் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். அந்த ஊரில் தொட்டில் குழந்தையைக்கூட வாங்க போங்க என்பார்கள். அவளுக்கு ‘டி’ சுட்டிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை ஊருக்கே படித்துக் காட்ட வேண்டுமா?

இந்த அடுக்குமாடிக்கு நாங்கள் வந்ததே அம்மாவுக்காகத்தான். கீழவாசல் பக்கம் இருந்த வாடகை வீட்டில், கொல்லைப்படியில் அம்மா இரண்டு தடவை விழுந்துவிட்டாள். இங்கே படி ஏறி இறங்க வேண்டாம், லிஃப்ட் உண்டு, வாசலில் செக்யூரிட்டி உண்டு. பைபாஸை ஒட்டி, நாலைந்து வருஷம் முன்புவரை நடவு நடந்த நிலத்தில் எழும்பிய கட்டடம். நுழைவாயிலில் கல்யானை, நடுவே நீச்சல்குளம். அந்தக் குளத்தில் இறங்கிய மனிதர் யாரையும் இதுவரை நான் பார்த்ததில்லை.

எல்லா மாடியும் ஒரே அச்சு. அதே தேக்கு நிறக் கதவு, அதே பித்தளைக் கைப்பிடி. அரிசிமாவில் கோலம் போட்டால் எறும்பு வருமாம். அதனால் பில்டரே ஒவ்வொரு வாசலிலும் ஒரே மாதிரி தாமரைக் கோல ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்துவிட்டார். மறதி வந்த மனுஷி எதைப் பார்த்து வீடு கண்டுபிடிப்பாள்? மத்தியானம் காத்தாட என்று வெளியே போவாள். லிஃப்ட் வந்தால் ஏறிக்கொள்வாள். பட்டன் அமுக்கத் தெரியாது. கதவு எங்கே திறக்கிறதோ அங்கே, பெரும்பாலும் இரண்டாவது மாடியில், இறங்கி, வலது கைப்பக்கம் கடைசி வீட்டுக்குப் போய்விடுவாள். உள்ளேயும் சோபா எங்கள் வீட்டில் இருக்கிற அதே இடத்தில்தான் இருக்கும், டிவியும் அதே சுவரில்தான்.

புகாரை மறுபடி படித்தேன். இந்தத் தடவை கத்தி நின்றுவிட்டது. வாடி போடி. அம்மா அப்படிக் கூப்பிட்டுக் கேட்டு எனக்கு மாசக்கணக்காகியிருந்தது.

அது எப்போது நின்றது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் காலையில் காபியை நீட்டினேன். “வைங்க, குடிக்கிறேன்” என்றாள். கோபமாக்கும் என்று நினைத்தேன். “என்னம்மா, சம்பந்தி வீட்டுக்கு வந்தவளாட்டம் பேசுற” என்று கிண்டல்கூடச் செய்தேன். அவள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், தெரியாதவர்களைப் பார்த்தால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. பேர் மறக்கும், அப்புறம் ஆள் மறக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திட்டினாலும் டி, கொஞ்சினாலும் டி. நான் பேரன் எடுத்த பிறகும் அப்படித்தான். ஒரு மழைநாளில் பள்ளிக்கூடத்துக்கே வந்து, ஹெட்மாஸ்டர் முன்னால், “ஏண்டி, குடையை விட்டுட்டு வந்துட்டியே, அறிவிருக்கா” என்று கேட்டு என் மானத்தை வாங்கியவள். அந்த டி இப்போது தினமும் எங்கள் வீட்டைத் தாண்டிக் கீழே போகிறது. வாங்கிக்கொள்கிறவள் அதை வேண்டாம் என்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், பொறாமைதான்.

சாயங்காலம் சங்கச் செயலாளர் வந்தார். நல்ல மனிதர், குரலே உயர்த்த மாட்டார். வெளிக்கதவுக்கு ஒரு பூட்டு போட்டுவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்றார். “மாட்டைத்தான் சார் கட்டிப் போடுவாங்க” என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னொரு புகார் வந்தால் கமிட்டியில் பேச வேண்டியிருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பேசட்டும், என் அம்மாவை நான் பூட்ட மாட்டேன் என்று சமையலறையில் பாத்திரங்களிடம் கத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் கண் அசந்துவிட்டேன். விழித்தபோது கதவு திறந்து கிடந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியில் இறங்கி ஓடினேன்.

அம்மா அந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் கீழே தரையில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“ஆடாம இருடி. எப்பப் பாரு தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. “மன்னிச்சுக்கோங்க்கா. உங்க பேரச் சொல்லித்தானுங்க என்னைக் கூப்பிடறாங்க. இன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது” என்றாள்.

அவள்மேல் வைத்திருந்த கோபத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தேன். வாம்மா, வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவள் கையை நாசூக்காக விடுவித்துக்கொண்டாள்.

“இதாங்க எங்க வீடு. இவ என் மக. நீங்க யாரத் தேடி வந்திருக்கீங்க?”

அறுபது வயதில், அடுத்தவர் வீட்டு ஹாலில், ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. உன்னைத்தான் தேடி வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண்தான் எழுந்து, அம்மாவின் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். இவங்களோட போயிட்டு வாங்கம்மா, நான் வேலையை முடிச்சிட்டு வந்துடறேன் என்றாள். மகள் சொன்னதும் அம்மா உடனே எழுந்துகொண்டாள். சீக்கிரம் வந்துடுடி என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

மேலே வந்ததும் கதவைச் சாத்தி, உள்பக்கமாகப் பூட்டினேன். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு அம்மா இருக்காங்களா?” என்று கேட்டாள்.

“இருக்காங்க.”

“நல்லாப் பாத்துக்கங்க. வயசானவங்க கண்டபடி எங்கயாவது போயிடுவாங்க.”

பிறந்ததிலிருந்து நான் அவளை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

“சரிங்கம்மா” என்றேன்.