மாட்டுக் கேஸில் இருபது சொட்டு

மெதேனை மெதனோலாக்குவது உலகத்திலேயே கௌரவமான தொழில், என்ன வேலை பார்க்கிறாய் என்று யாரும் கேட்காத வரைக்கும். ஆய்வுகூடங்களில் உதவியாளராகக் குப்பை கொட்டுகிற என் சக பாவிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்களாவது சிரிக்காமல் கேட்பீர்கள்.

சாணிக்கு வந்த யோகம்

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அதன் மாடியில், கொழுந்து வாட்டுகிற இடத்தில் பாதியை எங்கள் ஆய்வுக்குத் தந்திருந்தார்கள். தோட்டத்து மாட்டுப்பட்டிச் சாணியிலிருந்து வருகிற கேஸில் மெதேன் இருக்கிறது. செப்பு ஏற்றிய சியோலைட் என்கிற மாவு மாதிரியான கனிமத்தின் மேல் அதை விட்டால் மெதனோல் கிடைக்கும். கேஸைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, மெதனோலைக் கேனில் ஊற்றிக்கொண்டு போகலாம். அவ்வளவுதான் தத்துவம். முதலில் மாவை ஒட்சிசனில் சுட வேண்டும், ஆறவிட்டு மெதேனை அனுப்ப வேண்டும், கடைசியில் நீராவி அடித்து, அதில் ஒட்டிக்கொண்டிருக்கிற மெதனோலைக் கழற்ற வேண்டும். காலையில் தொடங்கினால் மாலையில் தண்ணீரோடு கலந்து இருபது சொட்டு வரும். சேர்த்து வைத்த போத்தலை யாராவது குடித்தால் கண் போகும், கூடக் குடித்தால் ஆளே போய்விடுவார். ஆக, ஆய்வு பேராசிரியருக்கு. ஒருத்தரும் அதைக் குடித்துத் தொலைக்காமல் காவல் இருப்பது எனக்கு.

மாட்டுப்பட்டியைப் பார்க்கிற மாரியாயி அக்கா முதல் நாள் முழுக்க நின்று வேடிக்கை பார்த்தார். கிளம்பும்போது கேட்டார்: "இதே கேஸுலதான் தங்கச்சி எங்க வீட்டு அடுப்பு எரியுது. நல்லா எரியுறதப் புடிச்சு இப்புடி வதைக்கிறதுக்கா கேம்பஸ் போனீங்க?"

காற்றோட்டம்

சியோலைட்டுக்கு ஈரம் ஆகவே ஆகாது. ஈரம் பட்டால் அந்தச் செப்பு மெதேனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இப்பேர்ப்பட்ட மகாராணிக்கு எங்கே இடம் பார்த்தார்கள் தெரியுமா? துவைத்த கம்பளி ஒரு கிழமையானாலும் காயாத ஹட்டனில், காற்று வர வேண்டுமென்றே சுற்றிவர ஜன்னல் வைத்துக் கட்டின மாடியில். பாதி ஜன்னலுக்குக் கண்ணாடியும் இல்லை. நான் சுட்டு எடுப்பேன், மூடுபனி உள்ளே வந்து நலம் விசாரிக்கும், நான் மறுபடியும் சுடுவேன். பத்து நாள் இந்தக் கூத்து. அழுகையே வந்துவிட்டது. கொழும்பிலிருந்த பேராசிரியருக்குப் போன் எடுத்து, ஒரு சொட்டுக்கூட விழவில்லை சேர் என்றேன். நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஏஸியக் கொஞ்சம் கூட்டி வச்சுப் பாருங்களேன்."

பெட்டிசம்

கொழுந்தெடுக்கிறவர்கள் மழையில் நனையாமல் இடுப்பில் கட்டுகிற படங்கை வாங்கி ஜன்னலுக்கெல்லாம் அடித்தேன். சொட்டு விழுந்தது. கூடவே பொலிஸில் பெட்டிசமும் விழுந்தது, என் மேல் புகார் எழுதி. ஜன்னலை மறைத்துக்கொண்டு, நீராவி விட்டு, குழாயில் சொட்டுச் சொட்டாக எதையோ பிடித்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான், கசிப்பு என்கிற கள்ளச்சாராயம்.

பெயர் போடாத அந்தப் பெட்டிசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பொலிஸ் சார்ஜன்ட் மாத்தயா வந்தார். செப்பு, ஒட்சிசன், மெதேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டி அரை மணித்தியாலம் பாடம் நடத்தினேன். அவரோ கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செய்து காட்டு என்றுவிட்டார். காலையிலிருந்து மாலை வரைக்கும் மனுஷன் அசையவில்லை. நாலு பிளேன்டீ போனது. கடைசியில் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் என்னிடம் துக்கம் விசாரித்தார்: "மிஸ், இதில குருவிக்கும் வெறி வராது நே."

கேம்பஸ் சரக்கு

பொலிஸே பார்த்து விட்டுவிட்டுப் போன சரக்கென்றால் சும்மாவா? 'கேம்பஸ் சரக்கு' என்று தோட்டத்து ஆட்கள் பெயரும் வைத்துவிட்டார்கள். அவர்கள் குடியிருக்கிற லயம் லயமாகப் போய், அது சாராயம் இல்லை, கண் போகும், கண் போகும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். போத்தலை அலுமாரியில் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். ஒருத்தர், மருந்தடிக்கிற ராசு அண்ணன், என் பதற்றத்தைப் பார்த்து மனமிரங்கி ஆறுதல் சொன்னார்: "பயப்புடாதீங்க தங்கச்சி, எனக்கு ஒரு கண்ணு ஏற்கனவே தெரியாது."

லிக்கர்

மூன்று மாதச் சேமிப்பைப் பார்க்கப் பேராசிரியர் நாலு பெரிய மனிதர்களோடு வருவதாக இருந்தது. வடித்தெடுத்த திரவத்தை எங்கள் ஆய்வுகூடப் பாஷையில் லிக்கர் என்போம். கண்ணாடிக் குவளை போதவில்லை. தொழிற்சாலையின் வெள்ளைக் கோப்பை மூன்றை இரவல் வாங்கி, போத்தலைத் திறந்து ஊற்றி, லிக்கர் ஒன்று, இரண்டு, மூன்று என்று அழகாகத் துண்டு ஒட்டி வைத்தேன். தேயிலைக்காரர்களுக்கு லிக்கர் என்றால் ருசி பார்க்க ஊற்றி வைத்த சாயம். எனக்குத் தெரியாதா? தோட்டத்தில் பிறந்தவள்தானே! அன்றைக்குப் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

மேசையில் விரிக்கத் துணி எடுக்கக் கீழே போய் வந்தால், தொழிற்சாலையில் தேயிலை ருசி பார்த்துத் தரம் சொல்கிற டீமேக்கர் ஐயா மேசையடியில் நிற்கிறார். கொழுந்து வாடிவிட்டதா என்று பார்க்க மேலே வந்தவர், சட்டைப் பையில் எப்போதும் கரண்டி. தொழிற்சாலைக் கோப்பை, மேலே லிக்கர் என்று எழுத்து, பாவம் அவர் வேறு என்னதான் செய்வார்? சர்ரென்று உறிஞ்சி, வாயில் சுழற்றி, புளிச்சென்று துப்பினார். நான் கண்டபோதே அது மூன்றாவது கோப்பை. வாழ்நாளில் பியர்கூடத் தொடாத மனுஷன்!

நான் போட்ட சத்தத்தில் கீழே மிஷின் நின்றது. தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழி நெடுக அவர் முகத்துக்கு முன்னால் விரலை நீட்டி, இது எத்தனை ஐயா, இது எத்தனை என்று கேட்டுக் கேட்டு அழுதேன். கண்ணும் நாக்கும்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. அவை போயிருந்தால் நான் யார் முகத்தில் முழிப்பேன்? டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு நாள் படுக்க வைத்தார். துப்புகிற பழக்கம் காப்பாற்றிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை என்றார். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். ஐயா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார்: "நெறமில்ல, வாசமில்ல, வாயில ஒண்ணும் நிக்கவும் இல்ல. மூணு மாசமா பாத்த வேலையா புள்ள இது?"

இத்தனை குடிகாரர்களிடமிருந்து காப்பாற்றின போத்தலை, தோட்டத்திலேயே குடிக்காத ஒரே மனுஷனுக்குக் கோப்பையில் ஊற்றி, பெயரும் எழுதி வைத்த பெருமை மெதனோல் துறையில் இன்றுவரை எனக்கு மட்டும்தான்.