குறிஞ்சி பூத்த ஆண்டில் வண்டியை விட்டவர்

எழுதப் போவதை முதலில் வரிசைப்படுத்திக் கொள்கிறேன்.

1. செல்லையா இறந்த செய்தி எனக்கு வந்த விதம்.
2. வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர் வலைத்தளம் வடிவமைப்பவராக மாறியது. அவருடைய முதல் தளத்தில் இருந்த பிழை. அதைத் திருத்த அவர் கண்டுபிடித்த முறை.
3. அவருக்குப் பயம் என்பதே கிடையாது. அதற்குச் சான்றாக, ஆடி முதல் தேதி நடந்தது.
4. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது.

இப்படிப் பட்டியல் போடாமல் எனக்கு எதையும் தொடங்க வராது. "சார் டீ குடிக்கிறதுக்கே ஒண்ணு ரெண்டு மூணுன்னு எழுதி வச்சுட்டுத்தான் கிளாசத் தொடுவாரு" என்று செல்லையா என்னைப் பற்றி டாக்சி ஸ்டாண்டில் சொல்லியிருக்கிறார். உங்களில் பலர் அதைக் கேட்டுச் சிரித்தும் இருப்பீர்கள். அவரை என்னைவிட நீண்ட காலம் அறிந்தவர்கள் நீங்கள். அப்படியிருக்க ஸ்டாண்டின் நினைவு மலருக்கு அஞ்சலி எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தது சரிதானா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு காலை, நான் வேலை பார்க்கும் லாட்ஜின் பதிவேட்டில் முந்தைய நாள் அறைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. டாக்சி ஸ்டாண்டின் செயலாளர் அந்தோணி.

"சார், நம்ம செல்லையா போயிட்டான் சார்."

"எங்கே போய்விட்டார்?" என்று கேட்டேன். அவ்வளவு மந்தமாகிவிட்டேன்.

அந்தோணி, "காலைல சாப்ட்டுட்டு நாற்காலில ஒக்காந்தவன், எந்திரிக்கல சார்" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பேசி முடித்த பின் பார்த்தால், பதிவேட்டின் ஓரத்தில் மணி ஒன்பது நாற்பது என்று குறித்து வைத்திருந்தேன். அழுகை வந்தது அதற்கும் பிறகுதான். அதை எண்ணி வெட்கமாக இருக்கிறது. செல்லையாவுக்கு வயது நாற்பத்தாறு.

அவர் பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பத்து வயதில் பெற்றோருடன் கப்பலேறி வந்து பெருமாள்மலையில் குடியமர்ந்தார். இருபது ஆண்டுகள் மலைப்பாதையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்கினார். ஸ்டாண்டில் அவருடையது பதினான்காம் எண். எங்கள் லாட்ஜ் விருந்தினர்களுக்கு வண்டி தேவைப்பட்டால் பெரும்பாலும் அவரைத்தான் அழைப்பேன். ஒரு வளைவிலும் அவர் ஹாரனை இரண்டு முறைக்கு மேல் அடித்து நான் கேட்டதில்லை.

ஓட்டுநரின் வேலையில் பாதி காத்திருப்பது. பயணிகள் ஏரியைச் சுற்றி வரும் நேரத்தில் மற்றவர்கள் சீட்டு விளையாடுவார்கள், தூங்குவார்கள். செல்லையா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய்விடுவார். ஒரு வலைப்பக்கத்தின் பின்னால் அதை உருவாக்கிய எழுத்துகள் இருப்பதையும், யார் வேண்டுமானாலும் அவற்றைத் திறந்து பார்க்கலாம் என்பதையும் அங்கேதான் தற்செயலாகக் கண்டுபிடித்தார். "பானட்டத் தொறந்து இஞ்சினப் பாத்த மாதிரி இருந்துச்சு சார்" என்றார். மிச்சத்தைப் பெங்களூரிலிருந்து வரும் கம்ப்யூட்டர்காரர்களிடம் கற்றுக்கொண்டார். அவர்கள் சொல்லித் தரவில்லை. பின் இருக்கையில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை, முன்னால் பாதையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார், மூன்று ஆண்டுகள். புரியாத சொல்லைச் சிகரெட் அட்டையில் தமிழில் எழுதி வைத்து, மறுநாள் தேடிப் படிப்பார். முதுகலைப் பட்டம் வாங்கிய எனக்கு இப்படி ஒரு படிப்பு இருக்கிறதென்றே தெரியாது.

2006 சித்திரை முதல் தேதி அவர் என்னிடம் வந்தார். லாட்ஜ் முதலாளி பில் போடுவதற்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் நான் அதற்கு ஒரு துணி உறை தைத்து மூடி வைத்திருந்தேன்.

"சார், அந்தத் துணிய எடுத்துட்டு எனக்கு அந்தப் பொட்டியக் குடுங்க. லாட்ஜுக்கு ஒரு வெப்சைட் பண்ணித் தாரேன். இனி இதுதான் எனக்குச் சோலி. வண்டிய நிறுத்திட்டேன்."

அது எந்த ஆண்டு என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி பூக்க இருந்த ஆண்டு. ஓட்டுநர்கள் அனைவரும் புது டயர் மாட்டிக் காத்திருந்தார்கள். ஸ்டாண்டின் சட்டமும் கடுமையானது. பழுதான வண்டிக்கு மூன்று மாதம் வரை வரிசை எண்ணைக் காத்து வைப்பார்கள். அதற்குள் வண்டி வராவிட்டால் எண், வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போகும். போன எண் திரும்பாது. செல்லையாவின் கெடு ஆடி முதல் தேதி. அதற்குள் இந்தப் புதுத் தொழிலில் கால் ஊன்றியாக வேண்டும். தவறினால் இரண்டும் இல்லை.

நான் அவரை எச்சரித்தேன். அவர் சொன்னார்: "பத்து வயசுல நாட்டையே மாத்திட்டு வந்தவன் சார் நான். வேலைய மாத்துறது என்ன பெரிய விசயம்?"

வைகாசி நடுவில் தளம் தயாரானது. நான் முறைப்படி முதல் பக்கத்திலிருந்து ஒன்பதாம் பக்கம் வரை படித்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, "பழுதில்லை" என்று ஒப்புதல் கொடுத்தேன். முதல் பக்கத்தில் வத்தலக்குண்டு. அதற்கடுத்து மலையடிவாரம், பிறகு பண்ணைக்காட்டுப் பிரிவு, ஊத்து, பெருமாள்மலை, அருவி, ஏரி என்று ஒவ்வொன்றாக ஏறி, கடைசியில் எங்கள் லாட்ஜ். ஒவ்வொரு பக்கத்திலும் அழகான படங்கள், அடியில் "அடுத்து" என்று ஒரு பொத்தான். இரண்டு வாரமாகியும் ஒருவர்கூட அறை கேட்டு அழைக்கவில்லை.

ஆண்டுதோறும் எங்களிடம் வந்து தங்கும் மதுரை டாக்டர் அம்மா ஒருவர் அந்தச் சமயம் வந்திருந்தார். அவரைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தோம். ஐந்து நிமிடம் பொறுமையாகத் தட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, ரூம் எங்க இருக்கு? நான் இன்னும் பெருமாள்மலையவே தாண்டலையே?"

"இன்னும் மூணு பக்கந்தான் மேடம், வந்துரும்."

"நேரா ரூமுக்குப் போக வழி இல்லையா?"

செல்லையா உண்மையிலேயே குழம்பிப்போனார். "மலைக்கு ஒரே ரோடுதான மேடம்? நடுவுல எதையும் தாண்டிப் போக முடியாதுல்ல?"

"எனக்கு ரோடு வேண்டாம்ப்பா. ரூம்தான் வேணும். போன் நம்பரு எங்க?"

போன் நம்பர் ஒன்பதாம் பக்கத்தில், மலையுச்சியில் இருந்தது. டாக்டர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். செல்லையாவும் சிரித்தார். இருபது ஆண்டுகள் ஒரே பாதையில் ஏறி இறங்கியவர், தளத்தையும் ஒரு மலைப்பாதையாகவே போட்டிருந்தார். எதையும் வரிசையாகவே படிக்கும் நான் அதற்கு ஒப்புதலும் கொடுத்திருந்தேன். கெடுவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அன்று மதியமே மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

அப்போதுதான் அந்தக் கண்ணாடி வந்தது. பழைய வேன் ஒன்றின் உட்புறக் கண்ணாடியை எங்கேயோ வாங்கி வந்து, கம்பியால் திரைக்கு மேலே கட்டினார். யாரையாவது கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்துவிட்டு, தான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியில் அவர்கள் முகத்தையே பார்ப்பார். புதுமணத் தம்பதிகள், எங்கள் சமையல்காரர், முதலாளியின் மாமியார், அந்தோணி உட்படப் பலரை உட்கார வைத்திருக்கிறார்.

"எதுக்கு இது?" என்று அவர்கள் கேட்டால், "தலமுடியச் சரி பண்ணிக்கத்தான்" என்பார்.

என்னிடம் மட்டும் விளக்கினார்: "வண்டில ஆளு எங்க பயப்படுறாக, எங்க அலுத்துப் போறாகன்னு கண்ணாடிலதான் சார் பாப்போம். கேட்டா, மரியாதைக்கு 'நல்லாருக்கு'ன்னு சொல்லிருவாக. புருவம் மரியாதை பாக்காது."

ஒருவரின் புருவம் சுருங்கும் இடத்தைக் குறித்துக்கொள்வார். மறுநாள் அந்த இடம் தளத்தில் மாறியிருக்கும். கற்றறிந்த நிபுணர்கள் பெரிய நகரங்களில் இதே காரியத்தைக் கருவிகள் வைத்துச் செய்கிறார்கள் என்று பின்னாளில் ஒரு விருந்தினர் எனக்குச் சொன்னார். பெருமாள்மலை மனிதர் ஒருவர் அதைப் பழைய கண்ணாடி ஒன்றையும் ஒரு முழக் கம்பியையும் கொண்டு செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

இனி மூன்றாவது குறிப்பு. ஆடி முதல் தேதி காலை. மழையும் மூடுபனியும் சேர்ந்து அடித்தன. புதுத் தளம் வெளிவந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. விசாரித்து இரண்டே அழைப்புகள் வந்திருந்தன. வேறு யாரும் செல்லையாவிடம் தளம் கேட்டு வரவில்லை. அந்தோணி குடையோடு அலுவலக அறைக்குள் நுழைந்தார்.

"ஏலே செல்லையா, பதினாலாம் நம்பரு இன்னிக்கு ஒனக்கா, வேற ஆளுக்கா?"

"மழைல இதக் கேக்கவா வந்தீக? ஒக்காருங்கண்ணே, டீ சொல்றேன்."

"டீயெல்லாம் கெடக்கட்டும். குறிஞ்சி பூக்கப் போகுது. இந்த வருசம் மாட்டு வண்டி வச்சிருக்கவனுக்குக்கூட சவாரி உண்டு. நீ என்னடான்னா பொட்டி முன்னாடி குத்த வச்சிருக்க."

நான் குறுக்கிட்டேன். "இன்னும் ஒரு மாதம் பொறுக்கக் கூடாதா?"

"ரிப்பேர் வண்டிக்குத்தான் சார் மூணு மாசமே. இவன் வண்டி நல்லாத்தான் கெடக்கு. ஆளுதான் ரிப்பேரு."

செல்லையா சிரித்தபடி பைக்குள் கைவிட்டு, பதினான்கு என்று எழுதிய தகரத் தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதைக் கொண்டுவந்திருக்கிறார்.

"வரிசைல அடுத்து நிக்கிறவனுக்குக் குடுத்துருங்கண்ணே."

"நல்லா யோசிச்சுக்கடா. பெறகு திரும்பி வந்து நின்னா நானே ஒன்னியக் கடைசில போய் நில்லுன்னுதான் சொல்லணும்."

"தெரியும்ணே."

அந்தோணி கண்களைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்துப் போனார். செல்லையா திரை பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தட்டச்சு செய்யத் தொடங்கினார். முப்பத்தொரு ஆண்டுகளாக ஒரே மேசையில் இருக்கும் நான், அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிலர் பயமே இல்லாமல் படைக்கப்படுகிறார்கள் என்று அன்று முடிவு செய்தேன்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். குறிஞ்சி பூத்தது, எங்கள் அறைகள் நிறைந்தன. யார் செய்த தளம் என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். போளூரில் பூண்டு விளைவிப்பவர், வடகவுஞ்சியில் வீட்டோடு விருந்தினரைத் தங்க வைப்பவர், பழனியில் பஞ்சாமிர்தக் கடைக்காரர் என்று வரிசை நீண்டது. எல்லோரிடமும் செல்லையா ஒரே கேள்விதான் கேட்பார்: "ஒங்க வாசல்ல வந்து நிக்கிறவனுக்கு மொதல்ல என்ன வேணும்?" எங்கள் தளத்தின் முதல் வரியில் போன் நம்பரும், அதன் கீழே அன்றைய பாதை நிலவரமும் இருந்தன. தினமும் காலையில் பெருமாள்மலை டீக்கடைக்குப் பேசி, மூடுபனி எப்படி, மரம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று கேட்டு அவரே அதை மாற்றுவார். இறப்பதற்கு முந்தைய நாள்வரை மாற்றியிருக்கிறார்.

இதுவரை எழுதியதைப் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அவர் மனைவி புஷ்பத்திடம் படித்துக் காட்டினேன். தகவல் பிழை இருந்தால் அச்சாகும் முன் திருத்திவிடலாம் என்பது என் எண்ணம். கப்பலேறி வந்த வயதுவரை தலையாட்டிக் கேட்டார். மூன்றாவது குறிப்பு வந்ததும் என்னை நிறுத்தினார்.

"பயம் இல்லையா? யாரு சார் ஒங்களுக்குச் சொன்னது?"

நான் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தேன்.

"அந்த மூணு மாசமும் வெள்ளனே எந்திரிச்சு வண்டியக் கழுவுவாக. ஸ்டாண்டுக்குப் போற மாதிரியே தெரு முக்கு வரைக்கும் ஓட்டிட்டுப் போயி, அங்கன கொஞ்ச நேரம் நிப்பாட்டி வச்சுட்டுத் திரும்பி வந்துருவாக. வந்து ஒங்க லாட்ஜுக்குக் கெளம்புறப்போ சட்டைப் பொத்தானப் போட முடியாது சார், கை அப்படி ஆடும். நாந்தான் போட்டு விடுவேன். அந்த ஆடி ஒண்ணாந்தேதி ஒரு பொத்தான்கூட அவுகளால போட முடியல."

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?"

புஷ்பத்துக்கு அழுகையின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "'சார்கிட்ட மட்டும் சொல்லிராத புள்ள, அவரு ஏற்கெனவே பயந்த மனுசன். நானும் பயப்படுறேன்னு தெரிஞ்சா பொட்டிக்கு மறுபடியும் துணியப் போட்டு மூடிருவாரு'ம்பாக."

வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியை அடித்து எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை. நான் நம்பியது என்ன என்பதும் உங்களுக்குத் தெரியட்டும்.

நான்காவது குறிப்பில் எழுத நினைத்திருந்தது வேறு. புருவத்தைப் பற்றி அவர் சொன்னதை எடுத்து வைத்துக்கொண்டேன் என்று எழுதுவதாக இருந்தேன். இப்போது என்னிடம் இருப்பது, மனைவி பொத்தான் போட்டுவிட அசையாமல் நின்று, பிறகு மழையில் இறங்கி வேலைக்குக் கிளம்பிய மனிதர். அவர்மேல் எனக்கிருந்த வியப்பு குறையும் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். அது இரட்டிப்பாகிவிட்டது. ஆனால் அது இனி வசதியான வியப்பாக இல்லை. அவருக்குப் பயமில்லை, அதனால் அவரால் முடிந்தது; எனக்குப் பயம் உண்டு, அதனால் என்னால் முடியாது என்று மூன்று ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த வரையில் நான் எதையும் செய்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது குறிப்பின் முதல் வரி தவறு. அடித்துவிட்டுப் படிக்கவும்.