ஓர் ஆண்மானுக்கு அனுமதி

2012 செப்டெம்பரில் எங்கள் வீட்டில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒன்று, நான் எட்டு வாரக் கர்ப்பிணி. மற்றது, என் கணவருக்கு ஒரு மான் சுட அனுமதி கிடைத்திருந்தது.

இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாதவை. எங்கள் ஆட்களிடம் பிள்ளைத்தாச்சியின் கணவன் எந்த உயிரையும் கொல்ல மாட்டான். வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் அடிப்பதற்குப் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். நான் யாழ்ப்பாணத்தில் உயிரியல் படிப்பித்தவள். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் முந்திய வருடம் பத்தாவது வாரத்தில் ஒன்று கலைந்துபோனது. அதன் பிறகு, நம்பாதவற்றுக்கும் பயப்படப் பழகியிருந்தேன்.

அனுமதி தந்தவர் புளூ மவுண்டன்ஸ் மலைகளுக்கு அப்பால் செம்மறி வளர்க்கும் ஒரு வயதான பண்ணைக்காரர். அவருடைய நிலத்தில் ஒரு சிறிய மான் கூட்டமும் உண்டு. டீசல் மெக்கானிக்கான என் கணவர் அவருடைய டிராக்டரைத் திருத்தப் போன இடத்தில் கதை மான் பக்கம் திரும்பியிருக்கிறது. இவர் வன்னிக் காட்டோரம் வளர்ந்தவர். மான் என்று வந்துவிட்டால் இவருக்கு இங்கிலீஷ் தானாக வரும். "அடுத்த செப்டெம்பரில், வசந்தம் பிறந்ததும் வா, ஒரு ஆண்மான் உனக்கு" என்றாராம் அவர். அதற்காக இவர் ஒரு வருடம் துப்பாக்கி லைசென்ஸுக்குப் படித்தார். குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக் குசினியில் நான் சமைத்துக்கொண்டே கேள்வி கேட்பேன். அவர் பாதுகாப்பு விதிகளைப் பாடமாக்கி ஒப்புவிப்பார். இந்த நாட்டுக்கு வந்தபின் அவர் எதையும் அவ்வளவு ஆசையாகப் படித்து நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு ஏதாவது காரணம் கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பண்ணைக்காரர் போன் பண்ணினார். அந்தக் குளிர்காலத்தில் அங்கே இரண்டு முறை பனி கொட்டியதாம். பிறகு ஒரு கிழமை முழுக்க ஐஸ் மழை. புல் கருகிவிட்டது. போன வருடக் குட்டிகளில் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. "ஆனால் நான் சொன்ன சொல் சொன்னதுதான். வந்து பார். எடுப்பதா விடுவதா என்று நீயே முடிவு செய்" என்றார்.

எனக்கு ஒரு நிம்மதி வந்தது. செத்த குட்டிகளைக் கேட்டு நிம்மதியா என்று அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது.

"பாவமெல்லோ? இந்த வருசம் விடுங்கோவன்" என்றேன், சாப்பாட்டு மேசையில்.

இவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்தார். "மானுக்காகச் சொல்லுறீரோ, பிள்ளைக்காகச் சொல்லுறீரோ?"

"மானுக்காகத்தான்."

"அப்ப போய்ப் பாப்பம். ஆண்மான் ஒண்டு குறைஞ்சா கூட்டம் குறையாது. நீர்தானே பயோலொஜி ரீச்சர்?"

சனிக்கிழமை மூன்று வயது மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு மூன்று மணித்தியாலம் ஓடினோம். துப்பாக்கி பின்னால் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. பண்ணைக்காரர் எங்களை ஓடைப் பள்ளத்துக்கு நடத்திக்கொண்டு போனார். வேலிக் கம்பியின் அடியில் நனைந்த சாக்கு மாதிரி ஒரு மான்குட்டி கிடந்தது.

"அம்மா, இஸ் இட் ஸ்லீப்பிங்?" என்று மகள் கேட்டாள்.

"ஓமம்மா" என்றேன். பிள்ளைக்குப் பொய் சொல்லக் கூடாது என்று மற்றவர்களுக்குப் புத்தி சொல்பவள் நான்.

கூட்டம் எதிர்ச் சரிவில் நின்றது. ஒன்பது பெண்மான்கள். எங்கள் புள்ளிமான்களைப் போலத்தான் இருந்தன. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தாலும் வயிறுகள் உருண்டிருந்தன. பின்னால், தனியே, ஓர் ஆண்.

"பெண்கள் எல்லாம் சினை" என்று பண்ணைக்காரர் மெல்லிய குரலில் சொன்னார். "கோடையில் குட்டி போடும். பின்னால் நிற்கிறவன் உன்னுடையவன். அவனைப் போல இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்றும் கெட்டுப்போகாது."

அவர் சொன்னது சரி. சோதனைத்தாளில் எழுதியிருந்தால் முழுப் புள்ளி போட்டிருப்பேன். வழியெல்லாம் நான் சேர்த்துவைத்திருந்த வாதங்கள் அத்தோடு முடிந்துபோயின.

"இஞ்சருங்கோ, எனக்குப் பயமாயிருக்கு" என்றேன். "மானுக்காக எண்டு சொன்னது பொய்."

"தெரியும். எனக்கும் பயம்தான்."

"பிறகேன் வந்தனீங்கள்?"

"பாக்காமலே பயத்தில விட்டா, பிறகு எல்லாத்துக்கும் பயந்துகொண்டெல்லோ இருக்க வேணும்?" அவர் சரிவைக் காட்டினார். "அங்க பாரும். பச்சைப் புல்லு தண்ணிக்கரையில மட்டும்தான் கிடக்கு. வெடிச் சத்தம் கேட்டா எல்லாம் மலையில ஏறி ஓடும். இந்த உடம்போட, வயித்தில குட்டியோட ஓடினா என்ன மிஞ்சும்? சுடுறது ஒண்டு, விழுறது எத்தினையோ."

அது எனக்காகத் தேடிப் பிடித்த காரணமா, உண்மையில் அவர் கண்டதா என்று அன்றைக்குக் கேட்கவில்லை. காட்டைத் தெரிந்தவர் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் சில நாட்களில் கேட்கலாமா என்று யோசிப்பதுண்டு.

இந்த வருடம் வேண்டாம், அவை ஓடிக் களைத்துவிடும் என்று இவர் சொன்னதும் பண்ணைக்காரர் சிரித்தார். "மூன்று மணித்தியாலம் ஓடி வந்தது மானுக்கு ஹலோ சொல்லவா? சரி, கை சும்மாதானே இருக்கிறது, வா." இருவரும் வைக்கோல் கட்டுகளை ஓடைக்கரைக்குச் சுமந்தார்கள். நானும் ஒன்றைத் தூக்கக் குனிந்தேன். "நீர் விடும்!" என்று இவர் போட்ட சத்தத்தில் பண்ணைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் தன் பிளாஸ்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். நாங்கள் புறப்படும்போது முதலாவது பெண்மான் வைக்கோலுக்கு இறங்கிவிட்டது.

வன்னியில் ஒரு மான் விழுந்தால் தெரிந்த வீட்டுக்கெல்லாம் பங்கு போகும். என் கணவரும் வழக்கத்தை விடாமல், சுடுவதற்கு முன்பே ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார். திங்கட்கிழமை, லிட்கமில் இருக்கும் அவருடைய ஊர் அன்ரி போன் எடுத்தார்.

"அப்ப என்ரை பங்கு எங்க?"

"குளிருக்கு நிறையச் செத்துப்போச்சு அன்ரி. பாவமெண்டு விட்டிட்டு வந்திட்டார்."

"அவன் மானைப் பாவம் எண்டவனோ? பிள்ளை, எனக்குக் காது குத்தாதேயும். எத்தினை மாதம்?"

மூன்று மாதம் முடியாமல் வெளியில் சொல்லக் கூடாது. போன முறை அந்த விதியை ஒழுங்காகக் காப்பாற்றினேன். அதனால் அது கலைந்தபோதும் ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள், நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்துக்குப் போய் மற்றவர்களின் பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்றினேன்.

"ரெண்டு மாதம், அன்ரி" என்றேன்.

"சத்தி இருக்கோ?"

"இருக்கு. எல்லா நேரமும். ஒண்டும் வயித்தில தங்குதில்லை."

"நல்லது. இருக்கட்டும். சனிக்கிழமை வாறன். ஒண்டும் சமைக்காதேயும்."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசித்தேன். சனிக்கிழமை அவர் சோறும் ரசமுமாக வந்து, என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, போன முறை நடந்ததையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.