கலஹா மலையில் எழுந்த கோடுகள்

நேற்று அச்சாறு போட வினாகிரிப் போத்தலைத் திறந்தேன். அந்தப் புளித்த நெடி என்னை நேரே கண்டியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தியது. அங்கேதான் எங்கள் ஸ்டூடியோவின் இருட்டறை இருந்தது. படம் கழுவும் அமிலத்துக்கும் இதே நெடிதான். அது என் சேலையை விட்டுப் போகவே போகாது. கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலி!

நான் படம் கழுவுவேன். நெகட்டிவில் முகங்களைத் திருத்துவது செல்வமணியின் வேலை. கலஹாத் தேயிலைத் தோட்டத்துப் பெண், என் வயதுதான். தோட்டத்துக் குடும்பங்களை அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அவளுக்குத் தெரிந்தவர்கள். ஒருநாள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுக்கும் கடுதாசி வந்திருச்சி. போறதுக்கு முன்னால எங்க மலைய ஒரு படம் எடுக்கணும். வானத்து வெள்ளியெல்லாம் முளைக்கிறதோட."

முதலாளி கெமராவைத் தந்தார், நனைத்துவிடாதீர்கள் என்று நாலு தடவை சொல்லி.

நிலவில்லாத சனிக்கிழமை இரவு. அவள் வீடு இருந்த லயத்து வரிசைக்குப் பின்னால் முக்காலியை ஊன்றி, கெமராவைக் கிழக்கு மலைக்குத் திருப்பினோம். இரண்டு மணி நேரம் லென்ஸ் திறந்தே இருக்க வேண்டும். நட்சத்திரங்கள் நகர நகர, பிலிமில் தாங்களே கோடு இழுக்கும். லென்ஸில் பனி படிந்தால் எல்லாம் போச்சு. செல்வமணி ஒரு காலுறையில் சுடுமணலை நிரப்பி லென்ஸைச் சுற்றிக் கட்டினாள். அது ஆறுவதற்குள் இன்னொன்றுக்கு அடுப்பில் மணலைச் சூடாக்கிக் கொண்டு ஓடிவருவது என் வேலை. காலெல்லாம் அட்டை. ஒரு தடவை அலறியே விட்டேன்.

"நல்லா கத்திக்க. முக்காலியத் தட்டாம இருந்தாச் சரி," என்றாள்.

படத்தைக் கண்டியில் ஒரு கண்காட்சிக்குக் கொடுத்தோம். நடுவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். பார்த்ததுமே ஒதுக்கி வைத்தார்.

"பிலிம் முழுக்கக் கீறல், பிள்ளையள். கவனமாக் கழுவேல்லை."

கழுவியவள் நானல்லவா! செல்வமணி முன்னால் போனாள்.

"ஐயா, கீறலா இருந்தா மலையவும் கீறியிருக்கணுமே? ஒரு கோடாச்சும் மலை மேல விழுந்திருக்கான்னு பாருங்க."

அவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மலை கன்னங்கரேலென்று கிடந்தது. அதற்கு மேலே எண்ண முடியாத வெள்ளைக் கோடுகள், நாற்று மாதிரி நேராக எழுந்து நின்றன.

"ஓம், சரிதான். ஆர் எடுத்தது?"

"கலஹா செல்வமணி," என்றேன். மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும்.

முதல் பரிசு! ஸ்டூடியோ வாசலில் படத்தை மாட்டினோம். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்கள், "நம்ம மலை, பாரு," என்று பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். அன்று நாங்கள் இருவரும் நிமிர்ந்த நிமிர்வு இன்றைக்கும் என் முதுகில் இருக்கிறது.

அடுத்த வருடம் அவள் கப்பலேறினாள். நெகட்டிவும் அவளோடு போயிற்று. ஸ்டூடியோ இப்போது போன் கடை. போன மாதம் கலஹாவுக்குப் போனேன். லயத்தை இடித்துவிட்டார்கள். மலை நெடுக மின்விளக்கு. நல்லதுதான், பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் அங்கே இனி லென்ஸை இரண்டு மணி நேரம் திறந்துவைத்தால், படம் முழுக்க வெள்ளையாகத்தான் வரும்.