ஜெயபாயின் பதிவு எண்

நகக்கண் முதல் முழங்கை வரை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவும்போது ஜெயபாயிடம் யாரும் பேசக்கூடாது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் முடியும்வரை அவருக்குக் காது கேட்காது.

கேரளத்தில், கரமனையில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே பதினொரு ஆண்டு பதிவேடு எழுதினேன். குழந்தை பிறந்த நேரத்தை மற்றவர்கள் 'நாலு, நாலே கால்' என்பார்கள். ஜெயபாய், "நாலு பதினேழு. எழுதுங்க சாரே" என்பார். ஆணா பெண்ணா என்று உடனே கேட்டால் அவருக்குப் பிடிக்காது. "மொதல்ல அழட்டும். அதுக்கப்புறம் பாக்கலாம்."

ஊர் மார்த்தாண்டம் பக்கம். வயது ஐம்பத்திரண்டு. 1968இல் மருத்துவச்சியாகச் சென்னையில் பதிந்தவர். 1997 ஜூன் 9ஆம் தேதி சோதனைக்கு வந்த அதிகாரிகள், கேரளப் பதிவு இல்லாதவர் பிரசவம் பார்க்கக்கூடாது என்று எழுதிவைத்துப் போனார்கள். 12ஆம் தேதி கேரள நர்சிங் கவுன்சிலில் விண்ணப்பித்தார். சென்னையிலிருந்து சரிபார்ப்புக் கடிதம் வரவேண்டும். இரண்டு முறை நேரில் போய்க் கேட்டும் வரவில்லை.

மேனேஜர் சாம்பசிவன் வழி சொன்னார்: "நீங்க பழையபடி பாருங்கோ. ரிஜிஸ்டர்ல நர்ஸ் பிந்து கையெழுத்துப் போடட்டும். யார் கேக்கப்போறா?"

"நல்ல கதை! ஏதாவது ஆச்சின்னா பிந்துவுக்கு ஜெயிலு, ஆகலைன்னா எனக்குச் சம்பளமா? வேண்டாம். நம்பரு வரட்டும்."

அன்றிலிருந்து துணி அறையில் விரிப்பு மடித்தார். பிரசவ அறையில் அலறல் கேட்டால் கை நிற்கும், கால் நகராது.

செப்டம்பர் 23, பகல் 12.40. ஆரியசாலையிலிருந்து கௌசல்யா என்ற பெண்ணை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். டாக்டர் வேறொரு ஆபரேஷனில் இருந்தார். பிந்து வேலைக்குச் சேர்ந்து ஏழே மாதம். துணி அறைக்கு ஓடிவந்தாள்.

"சேச்சீ, காலாக்கும் முன்னால வருது! எனக்கு அறியாது, வாங்க!"

ஜெயபாய் மடித்துக்கொண்டிருந்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

12.53க்குக் குழந்தை அழுதது. தாயும் நலம்.

சாம்பசிவன் என் மேஜைக்கு வந்து பிந்துவிடம் பேனாவை நீட்டினார். "நீ போடு. இவா பேப்பர் கவுன்சில்ல இருக்கு. இது தெரிஞ்சா மொத்தமும் போச்சு."

பிந்து குனிந்தாள். பின்னாலேயே வந்த ஜெயபாய், "மாறு பிள்ளே, நான் எடுத்த பிள்ளை" என்று அவளை விலக்கிப் பேனாவை வாங்கினார். பிரசவம் பார்த்தவர் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். பதிவு எண் கட்டத்தில், 'கேரளப் பதிவு இல்லை. விண்ணப்பம் 12.6.1997' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மை காயும்வரை நின்றார். பிறகு பேனாவை மூடி, சாம்பசிவனின் சட்டைப் பையில் செருகினார்.