சுவரில் பேசும் பெட்டி

இத்தாலியில் நான் வேலை செய்யும் வீட்டுக்காரி சிஞோராவின் வீட்டில் கக்கூசுக்குள்ளும் ஒரு டெலிபோன் இருக்கிறது. பலெர்மோக்காரருக்குக் கதை நின்றால் மூச்சும் நின்றுவிடும். அதற்காகக் குந்தியிருந்துமா கதைப்பது? தினமும் அந்த ரிசீவரை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் துடைப்பேன். ஆனால் நேற்று அதைத்தான் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றேன். தம்பிக்கு அவசரமாகக் கோல் எடுக்கவேண்டும் என்றதும் சிஞோரா "எடு" என்றாள். கைக்குக் கிட்ட இருந்தது அதுதான். தம்பி உக்ரேனில், கியெவில் நிற்கிறான். எல்லையைக் களவாகக் கடக்க இன்று அவனை ஏற்றவிருந்த லொறிக்காரன், முந்திய பொடியன்களை எல்லைக் காட்டில் பனிக்குள் விட்டுவிட்டு ஓடியவன். தப்பி வந்த மன்னார்ப் பொடியன் ஒருவன் இங்கே வியா மக்வேதாத் தெருவில் வைத்துச் சொன்னான்.

உக்ரேன் டெலிபோனைப் போல அருவருப்பான சாமானை நான் கண்டதில்லை. சோவியத் உடைந்தபோது கம்பிகளையும் யாரோ கடித்துவிட்டுப் போயிருக்கவேண்டும். ஒருமுறை ஊளை, ஒருமுறை யாரோ இரண்டு பெண்களின் சண்டை, ஒருமுறை ஒன்றுமேயில்லை. நான் முன்பு அடைபட்டுக் கிடந்த அதே வீட்டில்தான் தம்பியும் இருக்கிறான். அங்கே சுவரில் ஒரு வானொலிப் பெட்டி. கம்பிவழியே வரும் ஒரேயொரு நிலையம். விடிந்தால் தேசியகீதம், பிறகு பீற்றூட் விளைச்சல் செய்தி. "அது கதைக்கிற பெட்டியில்லையடா, கேக்கிற பெட்டி" என்று எங்களைக் கடத்திக் கொண்டுவந்த ஏஜென்ட் வெருட்டியிருந்தான். அயலட்டைச் சனம் எங்களை அறியாமலிருக்க அவன் விட்ட புளுகு. நாங்கள் நம்பி, பெட்டிக்குப் போர்வை சுற்றி, குசுகுசுத்தே வாழ்ந்தோம். நான் மட்டும் அதற்குக் காலை வணக்கம் சொல்வேன். பொடியன்கள் உதைக்க வருவார்கள்.

ஒருவழியாகத் தம்பி எடுத்தான்.

"அண்ணை, மெல்லக் கதை. பெட்டி கேக்குது."

"விசரா, அதுக்குக் காதில்லை, வாய் மட்டுந்தான்! லொறியிலை ஏறாதை!"

"என்ன... ஏறவோ?"

"ஏறாதை! முந்திப் போனவங்களைப் பனிக்குள்ளை விட்டிட்டு ஓடினவனடா அவன்! விளங்கினதோ? கத்திச் சொல்லு!"

கரகரப்பு மட்டும். சிஞோரா கதவைத் தட்டினாள். "கி யே மோர்த்தோ?" யார் செத்தது என்கிறாள். "இன்னும் ஒருத்தருமில்லை, சிஞோரா." அவள் சிலுவை போட்டுக்கொண்டு, நான் தாராளமாக அழட்டும் என்று டிவியை உரக்க வைத்துவிட்டாள்.

வலது காதில் பலெர்மோ டிவிக்காரனின் சிரிப்பு. இடது காதில், போர்வைக்குள்ளிருந்து கியெவ் பெட்டியின் பாட்டு. இரண்டுக்கும் நடுவில், பெட்டியும் அயலும் கேட்டால் கேட்கட்டுமென்று தம்பி தொண்டை கிழியக் கத்தினான்:

"ஏறமாட்டன் அண்ணை! ஏறவே மாட்டன்!"

லைன் அறுந்தது. ரிசீவரைத் துடைக்காமலே வைத்தேன். இன்று காலையும் துடைக்கவில்லை.