ஜப்பான் கார்ட்டூனின் மீதிக் கதை

தியேட்டர் வேலை என்பது, யாரோ எடுத்த படத்துக்கு நாம் திட்டு வாங்கும் வேலை. டிக்கெட் கிழித்தவர்கள், இருட்டில் இடம் காட்டியவர்கள், போஸ்டர் ஒட்டியவர்கள் எல்லாரும் ஒருமுறை பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள். எண்பதுகளில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு தமிழ்ப்பட தியேட்டரில் நான் புது உதவி மேனேஜர்.

வாய்க்கொழுப்பு

டிசம்பர் பள்ளி விடுமுறை. டிவியில் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்த ஜப்பான் ரோபோ கார்ட்டூனை, எடுத்தவர்களே வெட்டி ஒட்டி ஒரு சினிமாவாக்கி அனுப்பியிருந்தார்கள். சனி, ஞாயிறு காலைக் காட்சிக்கு அதைப் போடலாம் என்று முதலாளியிடம் சொன்னது நான்தான். டிவியில் சும்மா வந்ததை எவன் மறுபடி பார்ப்பான் என்று கேட்டார். பெரிய திரையில் ரோபோவைப் பார்ப்பதே தனி என்று, ஒரு ரீல்கூடப் பார்க்காமல் அளந்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"சரி, போடு. ஊத்திக்கிச்சுன்னா மேனேஜர் நாற்காலி கெடையாது, டார்ச்ச எடுத்துக்கிட்டு பழையபடி உள்ள நில்லு."

இருபதாவது நிமிடத்தில் சுபம்

பல வாரக் கதையை ஒட்டுப்போட்ட படம் அல்லவா, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வில்லனின் ரோபோ வெடித்தது. முதல் வெடிப்பு முடிந்ததும் ரோபோவை ஓட்டும் பையன் கடற்கரையில் நின்று அஸ்தமனத்தைப் பார்த்தான், பின்னால் பாட்டு. எங்கள் ஆபரேட்டர் சவரிமுத்து தமிழ்ப் படம் மட்டுமே ஓட்டிப் பழகியவர். விளக்கைப் போட்டுவிட்டார். நானும் பெரிய மனுஷன் மாதிரி பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். பாதிக் கூட்டம் வாசல் ஐந்தடி நடைபாதையில் நிற்கும்போது, உள்ளே மறுபடியும் சண்டைச் சத்தம். எல்லாரையும் கெஞ்சிக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு மாடியில் ஆபரேட்டர் அறைக்கு ஓடினேன். அவர் அசரவே இல்லை.

"வில்லன் செத்துட்டான், சூரியன் மறைஞ்சிடுச்சு. இதுக்கு மேல என்னண்ணே இருக்கு?"

மீதியை வெள்ளித்திரையில் காண்க

கதைச் சுருக்க நோட்டீஸ் நான் எழுதியது. விநியோகக் கம்பெனி அனுப்பிய அரைப் பக்க இங்கிலீஷ் தாளைப் பார்த்து எழுதி, கடைசியில் வழக்கம்போல 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்திருந்தேன். படமோ, பையன் ரோபோவோடு கடலில் மூழ்கும் இடத்தில் நின்றுபோனது. மூன்று ஜப்பான் எழுத்து வந்தது. அதற்கு 'தொடரும்' என்று அர்த்தமாம். கம்பெனிக்குப் போன் போட்டால், இரண்டாம் பாகம் இந்த ஊருக்கு வாங்கவில்லை, வேண்டுமானால் முதலாளி கேட்கட்டும் என்றார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தோ பாயோவிலிருந்து மூன்று பிள்ளைகளோடு வந்த அம்மா நோட்டீஸை என் முன்னால் விரித்தார்.

"மீதிய வெள்ளித்திரையில காண்கன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? காட்டுங்க, உக்காந்திருக்கோம்."

நானே முடித்தேன்

வெளியே மதியக் காட்சிக்கு வரிசை நின்றது. வேறு வழியில்லை, திரைக்கு முன்னால் ஏறி மீதிக் கதையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த முடிவுகள் எல்லாம் தமிழ்ப் பட முடிவுகள். பையனை மீனவர்கள் காப்பாற்றினார்கள். வில்லன் சின்ன வயதில் தொலைந்த அண்ணன் என்று மச்சத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அம்மாவுக்குப் பார்வை வந்தது. அந்தப் படத்தில் அம்மாவே கிடையாது. கைதட்டல் வேறு! எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரும் போன பிறகு, தோ பாயோ அம்மாவின் கடைசிப் பெண் மட்டும் திரும்பி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

"அங்கிள், எல்லாரும் வந்துட்டாங்க. ரோபோ மட்டும் இன்னும் தண்ணிக்குள்ள இருக்கே."

முதலாளி தீர்ப்பு

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் நிறைந்துவிட்டது. படத்துக்கல்ல, மீதிக்கு. அன்று ரோபோவையும் துறைமுகத்து கிரேன் வைத்துத் தூக்கிவிட்டேன். பின் வரிசையில் முதலாளி உட்கார்ந்திருந்ததை முடித்த பிறகுதான் பார்த்தேன். நாற்காலி போனாலும் பரவாயில்லை, அந்தப் பெண்ணுக்காக இரண்டாம் பாகத்தையாவது கேட்டுவிட வேண்டும் என்று அருகில் போனேன். வாயைத் திறப்பதற்குள் என் தோளைத் தட்டினார்.

"நாற்காலி உனக்குத்தான்லா. நீயே இவ்வளவு நல்லா முடிக்கிறப்ப ரெண்டாம் பாகம் எதுக்கு?"

அப்படித்தான் நான் மேனேஜராகவே ஓய்வு பெற்றேன். அந்தப் பையன் நிஜமாகவே பிழைத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.